ஸ்பெக்ட்ரமில் படம் கெட்டால் வோல்டேஜிலிருந்து தொடங்குங்கள்

உவரியில் அத்தை வீட்டு அலமாரியில் கிடந்தது, சின்க்ளேர் கம்பெனியின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே; டிவியில் மாட்டி ஓட்டும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். கப்பலில் வேலை பார்த்த மாமா எண்பதுகளில் வாங்கி வந்தது. உப்புக்காற்றில் பின்பக்க கனெக்டர் பச்சை பூத்திருந்தது. அதைச் சுத்தம் செய்வது பெரிய வேலையில்லை.

முதல் தடை டிவிதான். இந்தக் கம்ப்யூட்டர் படத்தை யுஎச்எஃப் அலைவரிசையின் 36ஆம் சேனலில் அனுப்பும். நம் ஊர்ப் பழைய டிவிகள் பலவற்றில் அதைவிடத் தாழ்ந்த விஎச்எஃப் அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனர் மட்டும்தான். பாளையங்கோட்டையில் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், “ட்யூனரே வேண்டாம் தம்பி, வீடியோவ நேரா எடுத்துருவோம்” என்றார். வீடியோவை டிவி சேனலாக மாற்றும் மாடுலேட்டர் பெட்டியைத் திறந்து, மாற்றாத வீடியோ சிக்னலை (காம்போசிட்) வெளி சாக்கெட்டுக்கே கொடுத்தார். ஏவி வழியாகப் படம் வந்துவிட்டது.

வந்தது முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். ஆனால் சுற்றியிருந்த பார்டர் ஆடாமல் நின்றது. இந்த இடத்தில்தான் பலர், படத்தை உருவாக்கும் முக்கிய ஐசியான யுஎல்ஏ போய்விட்டது என்று மெஷினையே ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. பார்டரை யுஎல்ஏ தானாகவே வரைகிறது. நடுப்படம் மட்டும்தான் 16384ஆம் முகவரியிலிருந்து 6912 பைட் மெமரியைப் படித்து வரும். அப்படியானால் சந்தேகம் மெமரி மேல்.

அந்த மெமரி எட்டு 4116 ஐசிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வோல்டேஜ் வேண்டும்: 1ஆம் காலில் மைனஸ் 5, 8இல் 12, 9இல் 5. கிரவுண்ட் 16ஆம் கால். மற்ற ஐசிகளின் பழக்கத்தில் 8ஐ கிரவுண்டாக வைத்து அளந்தால் கணக்கே தப்பிவிடும். மீட்டரில் 5 சரியாக இருந்தது, 12 குறைவு, மைனஸ் 5 சுத்தமாக இல்லை. அண்ணாச்சி உடனே கரண்டை நிறுத்தினார். மைனஸ் 5 இல்லாமல் ஓடவிட்டால் 4116கள் ஒவ்வொன்றாகச் செத்துவிடும்.

அந்த 12ஐயும் மைனஸ் 5ஐயும் உண்டாக்கும் சர்க்யூட்டில், டிஆர்4 என்று குறிக்கப்படும் டிரான்சிஸ்டர் போயிருந்தது. இந்த மெஷினில் அடிக்கடி போவது அதுதான். அதே இசட்டிஎக்ஸ்650 வகை டிரான்சிஸ்டரைப் புதிதாகப் போட்டோம். வோல்டேஜ் மூன்றும் திரும்பின. அப்புறமும் பட்டை இருந்தது. விரல் வைத்துப் பார்த்ததில் ஒரு 4116 மட்டும் சுட்டது. அதை மாற்றியதும் வெள்ளைத் திரையில் 1982 என்ற சின்க்ளேர் வரி வந்து நின்றது.

இன்னொன்று. ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனைதான் மைனஸ். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. செருகும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.