தைராய்டு புற்றுநோய்ப் படிவம்: 'மன அழுத்தம்' வேண்டாம், வேறென்ன?

அன்பர்களே,

வெள்ளிக்கிழமைக்குள் ஓர் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தர வேண்டும். கதிரியக்க அயோடின் சிகிச்சை பெறும் தைராய்டு புற்றுநோயாளிகளில் யாருக்கு மனம் அதிகம் தவிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கப் பார்க்கும் ஆய்வு. அந்தத் தவிப்புக்குத்தான் சொல் தேவை. 'மன அழுத்தம்' என்றால் ஸ்ட்ரெஸ்ஸா டிப்ரஷனா என்று நமக்கே குழப்பம். படிவத்தில் 0 முதல் 10 வரை ஒரு தெர்மாமீட்டர் படம். கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று நோயாளி வட்டமிடுவார். அதன் மேல் என்ன எழுதுவது?

---

தேடவே வேண்டாம். "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி" என்று தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்லும் உரியியலே தந்துவிட்டது. உள அலமரல் என்க. அலை, அலைச்சல், அலங்கல் எல்லாம் இதற்கு உறவு என்பது என் கணிப்பு. தனி மடல் எழுதுகிறேன். அப்புறம் தைராய்டு எதற்கு? கிரேக்கத்தில் கேடயம் என்றுதானே பொருள்? கேடயச் சுரப்பி.

---

> உள அலமரல் என்க

ஐயா, அயோடின் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தனியறையில் இருப்பவரிடம் செவிலியர் வாசலில் நின்று "அலமரல் எத்தனை?" என்று கேட்டால், அவர் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்.

அந்தக் கதிரியக்க அயோடினுக்கு (அயோடின்-131) அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 8 நாள். வீட்டுக்குப் போன பிறகும் சில நாள் குழந்தையை அணைக்க முடியாது. சிகிச்சைக்கு முன் பலருக்குத் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைச் சில வாரம் நிறுத்துவார்கள். உடம்பு குளிரும், சோர்வு தள்ளும், காரணமின்றி அழுகை வரும். இதில் மனம் எவ்வளவு, ஹார்மோன் எவ்வளவு? நம் சொல் அதற்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆங்கிலத்தில் இந்தத் தவிப்புக்கு டிஸ்ட்ரெஸ் என்று வைத்ததே மனநோய் முத்திரை விழாமல் இருக்கத்தான். 'மன உளைச்சல்' போதும்.

---

உளைச்சல் என்றதும் எனக்கு வயிற்றுளைச்சல்தான் நினைவுக்கு வருகிறது. 'இடுக்கண்' எப்படி? வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே?

---

"இடுக்கண் வருங்கால் நகுக" என்று மனப்பாடம் செய்தவர், நம்மைச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்! தவிர, இடுக்கண் வெளியிலிருந்து வருவது. புற்றுநோய்தான் இடுக்கண், தெர்மாமீட்டர் அளப்பது உள்ளே இருப்பதை. வயிறும் உளையும், நடந்தால் காலும் உளையும், மனமும் உளையும். நமக்கு வேண்டியதும் இதுதானே, உடம்பையும் மனத்தையும் பிரிக்காத சொல்?

கேடயம் வடசொல், ஐயா. கிடுகு என்பதல்லவா தமிழ்?

---

நன்றி. தலைப்பில் 'மன உளைச்சல்', படத்தின் மேல் 'மனம் எவ்வளவு தவித்தது?' என்று போட்டு அனுப்பிவிட்டேன். யாருக்குத் தவிப்பு வரும் என்று கணிப்பதற்குப் போட்ட 'முன்கணிப்பு' என்ற சொல் நோயின் போக்கையும் குறிக்கிறதே என்று கேட்க நினைத்தேன். சரி, நேரமில்லை.

---

பதிவுக்காக: அலமரலைக் கைவிடவில்லை. கேடயத்தை மட்டும் கிடுகாக மாற்றிக்கொள்கிறேன்.