மாசசூசெட்ஸ் சிற்றூரில் திட்ட வாரியத் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: பூசணித்தோட்டம்

வணக்கம். மாசசூசெட்ஸில் ஒரு சிற்றூரில் பதினோரு ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு குடியுரிமை பெற்று, வாக்காளராகவும் பதிவு செய்துகொண்டேன். எங்கள் வேலியை ஒட்டி, தலைமுறைகளாகச் சோளமும் பூசணியும் விளையும் பண்ணை ஒன்று இருக்கிறது. அதை மனைகளாகப் பிரித்து விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, வரும் வசந்தகாலத் தேர்தலில் பிளானிங் போர்டு எனப்படும் திட்ட வாரியத்துக்குப் போட்டியிட எண்ணுகிறேன். ஐந்து இடங்களில் ஒன்று காலியாகிறது. நான் மென்பொருள் துறையில் இருப்பவன். சட்டமோ கட்டடக்கலையோ படித்தவன் அல்லன். வேட்புமனு தாக்கல் செய்வது எப்படி, உறுப்பினரானால் அந்தப் பண்ணையைக் காப்பாற்ற முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: நிலவரை

ஐயா, எங்கள் ஊர் வாரியத்தில் இரண்டு பதவிக்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்குப் பிடிக்காத செய்தியை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பண்ணை உங்கள் வேலியை ஒட்டி இருப்பதால், உங்களுக்கு அதில் பண நலன் உண்டு என்றே பொதுப் பணியில் இருப்பவர்களின் நலன் முரண்பாடு பற்றிய மாநிலத்தின் 268ஏ சட்டத்தின்கீழ் கருதுவார்கள். ஆகவே பண்ணையை மனைகளாகப் பிரிக்கும் மனு வாரியத்தின் முன் வரும்போது நீங்கள் விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளாமல் விலக வேண்டியிருக்கும். மாநில நெறிமுறை ஆணையத்தின் வழக்கறிஞர்கள் இதற்குக் கட்டணமின்றி ஆலோசனை தருகிறார்கள். நிற்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது, வாரியத்தின் அதிகாரத்துக்கு உள்ள எல்லை. பண்ணைக்குப் பொதுச்சாலையில் நீண்ட முகப்பு, அதாவது சாலையை ஒட்டிய நீளம், இருந்து, ஒவ்வொரு மனைக்கும் விதிப்படியான முகப்பு கிடைக்குமாறு பிரித்தால், சட்டத்தின் பார்வையில் அது உட்பிரிவே ஆகாது. பொது விசாரணை இன்றி வாரியம் 21 நாட்களுக்குள் ஒப்பமிட வேண்டும். புதுச் சாலை போட்டு மனை பிரிக்கும்போதுதான் விசாரணை நடக்கிறது. அங்கும் விதிகளுக்குப் பொருந்திய வரைபடத்தை, நமக்கு விருப்பமில்லை என்பதற்காக மறுக்க இயலாது. என் முதல் ஆண்டில், அண்டை வீட்டார் கண்கலங்கிப் பேசிய ஒரு மனுவுக்கு ஆதரவாக வாக்களிக்க நேர்ந்தது இன்றும் மனத்தை உறுத்துகிறது. ஆனால் அன்று எங்கள் முன்னிருந்த விதிகளின்படி வேறு முடிவு எடுத்திருக்க முடியாது.

அந்த விதிகளை மாற்றும் வேலைக்குத்தான் வாரியத்தில் நல்ல ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மனையின் குறைந்தபட்சப் பரப்பு, முகப்பு நீளம், திறந்தவெளியை விட்டுவைத்து வீடுகளைக் கொத்தாகக் கட்டும் முறை போன்ற ஸோனிங் (நிலப் பயன்பாட்டு) விதிகளின் வரைவைத் தயாரிப்பதும், அதற்கு விசாரணை நடத்துவதும், ஊர்க்கூட்டத்துக்கு அறிக்கை தருவதும் வாரியத்தின் பொறுப்பு. நிறைவேற்றுவது ஊர் வாக்காளர்கள் கூடி முடிவெடுக்கும் ஊர்க்கூட்டம். பெரும்பாலான திருத்தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2021-க்குப் பிறகு வீட்டுவசதி சார்ந்த சில திருத்தங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். இந்த நிதானமான வேலையில் ஈடுபாடு இருந்தால், அவசியம் நில்லுங்கள்.

மறுமொழி: மேற்குக்கரை

நடைமுறை எளிது. டவுன் கிளார்க் எனப்படும் ஊர் எழுத்தர் அலுவலகத்தில் வேட்புமனுத் தாளை வாங்கி, ஊரின் பதிவுபெற்ற வாக்காளர்களிடம் கையொப்பம் பெற வேண்டும். ஊரின் அளவைப் பொறுத்து 20 முதல் 50 வரை தேவைப்படும். சில செல்லாமல் போகும் என்பதால் கூடுதலாக வாங்குங்கள். தேர்தலுக்கு ஏழு வாரம் முன்பே சரிபார்ப்புக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமை காலையில் குப்பை சேகரிப்பு நிலையத்தின் வாசலில் நின்றால் ஊரில் பாதிப் பேரைச் சந்தித்துவிடலாம்.

வெற்றி பெற்றபின் ஒன்றில் கவனம் தேவை: ஐவரில் மூவர் மின்னஞ்சலில் ஒரு மனுவைப் பற்றிக் கருத்துப் பரிமாறினாலே வாரிய விவாதங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்னும் திறந்த கூட்டச் சட்டத்தை மீறியதாகும்.

மறுமொழி: ஏரிக்கரை

பண்ணைக்கு 61ஏ பிரிவின்கீழ் விவசாய நிலமாக வரிச்சலுகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வீடு கட்டுவதற்காக அதை விற்கும்போது, வாங்குபவர் தர முன்வந்த விலைக்கே ஊர் வாங்கிக்கொள்ள 120 நாள் முன்னுரிமை உண்டு; அந்த உரிமையை நிலப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்கும் மாற்றித் தரலாம். அந்த முடிவு செலக்ட் போர்டு எனப்படும் ஊர் நிர்வாகக் குழுவிடம் இருக்கிறது.

பூசணித்தோட்டம்

மூவருக்கும் மிக்க நன்றி. சொத்து வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் விசாரித்தேன். பண்ணை 61ஏ-வில்தான் இருக்கிறது. அண்டை வீட்டாருடன் சேர்ந்து செலக்ட் போர்டுக்கு மனு எழுதத் தொடங்கிவிட்டோம். ஊரில் இதுபோல் இன்னும் நான்கு பண்ணைகள் இருப்பதால், வேட்புமனுத் தாளையும் வாங்கி வந்திருக்கிறேன்.