ஞாயிறு கிளாஸ்: காசிமேடு ‘நம்ம தெரு’ குழுவில் பேசியது

சங்கத் தலைவர்: எல்லோருக்கும் வணக்கம். ஒரு நல்ல செய்தி. ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளைகள் பதினைந்து பேர் நம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வருகிறார்களாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு, மூன்று மாதம். நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அவர்களே கொண்டு வருவார்கள். நாம் சங்கக் கட்டடத்தைத் திறந்து விட்டால் போதும். வருகிற ஞாயிறே ஆரம்பிக்கலாமா?

டெய்லர் அக்கா: ரொம்ப சந்தோஷம் அண்ணே. என் சின்னவன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது படிக்கிறான், வகுத்தல் கணக்கு என்றாலே அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது

ஆட்டோ அண்ணன்: என் பெண்கள் இரண்டு பேரும் வருவார்கள்

படகு மாமா: ஞாயிறு காலையா?? அன்றைக்குத்தான் நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஹார்பரில் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். சென்னையே மீன் வாங்க இங்கே வந்து நிற்கிற நேரம். பெரிய பிள்ளைகள் ஐஸ் தூக்குவார்கள், மீன் வெட்டுவார்கள், சின்னதுகளை யார் குளிப்பாட்டி அனுப்புவது?

சங்கத் தலைவர்: அது சரிதான் மாமா, நேரத்தை மாற்றிக் கேட்கலாம்

மாடி கிளாஸ் அக்கா: அண்ணே, நேரம் மட்டும் இல்லை. அவர்கள் வருவது எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். மூன்று மாதம் முடிந்த பிறகு என்ன? பிள்ளைகள் ஒரு அண்ணனிடம், ஒரு அக்காவிடம் ஒட்டிக்கொள்ளவே மூன்று மாதம் ஆகிவிடும். ஒட்டிக்கொண்டதும் அவர்கள் போய்விடுவார்கள் என்றால், அதற்கு வராமலே இருக்கலாம்.

டெய்லர் அக்கா: ஏன்மா அப்படிச் சொல்கிறாய். கொஞ்ச நாள் கிடைத்தாலும் லாபம்தானே, டியூஷனுக்கு மாதம் எண்ணூறு ரூபாய் கேட்கிறார்கள்

மாடி கிளாஸ் அக்கா: அக்கா, டியூஷன் என்றால் நீங்கள் சொல்வது சரி. நான் சொல்வது வேறு, அதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2021இல் தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே வகுப்பு எடுக்கும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோதுதான் நான் நம் மொட்டை மாடியில் வகுப்பு ஆரம்பித்தேன், உங்களுக்கே தெரியும். கொரோனாவில் பள்ளிக்கூடம் ஒன்றரை வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்து, ஒன்றிலிருந்து எட்டு வரை நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தார்கள். அப்போது என்னிடம் நாலாவது படிக்கும் பையன் ஒருவன் வந்தான். தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வாசி என்றால் கடகடவென்று வாசிப்பான், சரியான இடத்தில் பக்கத்தையும் திருப்புவான். ரொம்ப நாள் நானும் நல்ல வாசிப்பு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் எதேச்சையாக என் கை பக்கத்தில் இருந்த படத்தை மறைத்துவிட்டது, அவன் நின்றுவிட்டான். கையை எடுத்ததும் மறுபடி ஓடியது. அதாவது படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான், ஒரு எழுத்தும் தெரியாது. வகுப்பில் அத்தனை பேருக்கு நடுவில் டீச்சருக்கு இது எப்படித் தெரியும்? நான் கண்டுபிடித்ததற்கும் திறமை காரணம் இல்லை, தினமும் சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

மாடி கிளாஸ் அக்கா: அதை யாரிடமும் சொல்லவில்லை நான். மற்ற பிள்ளைகள் போன பிறகு கால் மணி நேரம் அவனை மட்டும் வைத்துக்கொண்டு, டீக்கடையில் வாங்கிய பேப்பரில் விளையாட்டுப் பக்கத்துத் தலைப்புகளை எழுத்துக் கூட்டச் சொன்னேன், கால்பந்து என்றால் அவனுக்கு உயிர். இன்றைக்கு அவன் எட்டாவது. போன வாரம் அவன் தங்கச்சிக்கு ரேஷன் கடை போர்டை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். இது மூன்று மாத வேலையா சொல்லுங்கள்.

ஆட்டோ அண்ணன்: யார் பையன் என்று தெரியும் 🙏 சொல்ல மாட்டேன்

ரிட்டயர்டு டீச்சர்: அவள் சொல்வது நூற்றுக்கு நூறு. இப்போது அரசுப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துக் கற்றுக்கொடுப்பது இதற்காகத்தான். எந்த வகுப்பு என்று பார்க்காமல் பிள்ளைக்கு எது வரை தெரியும் என்று பார்த்து அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படிப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், வாரா வாரம் புது முகம் வந்தால் ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்துதான்.

காலேஜ் தம்பி: அக்கா சொல்வது எங்கள் சமூகப்பணி வகுப்பிலும் வந்தது. அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்று ஒரு அமைப்பு, நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. பெரியவர் ஒருவர், பிள்ளை ஒருவர் என்று ஜோடி சேர்த்துவிடுவார்கள், அவர்கள் அடிக்கடி சந்தித்துப் பேசுவார்கள், எங்காவது போவார்கள், அவ்வளவுதான். 10 முதல் 16 வயது வரை 959 பிள்ளைகளை எடுத்து, பாதிப் பேருக்கு உடனே அண்ணன் அக்கா கொடுத்து, மீதிப் பேரைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்து, ஒன்றரை வருடம் கழித்து ஒப்பிட்டார்கள். 1995இல் அறிக்கை வந்தது. ஆள் கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருள் பக்கம் போக ஆரம்பிப்பது 46 சதவீதம் குறைவு, பள்ளிக்கு மட்டம் போடுவது 52 சதவீதம் குறைவு.

டெய்லர் அக்கா: பேசினால் மட்டுமே இவ்வளவா

காலேஜ் தம்பி: ஆமாம் அக்கா. ஆனால் முக்கியமானது அடுத்தது. அதே தகவல்களை எடுத்து கிராஸ்மன், ரோட்ஸ் என்று இரண்டு பேர் எத்தனை நாள் உறவு நீடித்தது என்று பிரித்துப் பார்த்து 2002இல் எழுதினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன பிள்ளைகளுக்குத் தன்மேல் இருந்த மதிப்பும், என்னால் படிக்க முடியும் என்ற நம்பிக்கையும் முன்பு இருந்ததை விடக் குறைந்துவிட்டது. நாம் சரியில்லை, அதனால்தான் போய்விட்டார்கள் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும் இல்லையா. அப்பா ஏற்கெனவே விட்டுப்போன வீட்டுப் பிள்ளைக்கு அது இன்னும் மோசம்.

படகு மாமா: தம்பி சொல்வது புரிகிறது. நம் தெருவில் அப்படி எத்தனை வீடு

படகு மாமா: நானே தங்கு கடலுக்குப் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவேன், பையன் முகத்தை நிறுத்திப் பார்க்க நேரம் இருக்காது. அவனிடம் என்ன படித்தாய் என்று கேட்க ஒரு ஆள் வெளியில் இருந்தால் எனக்கு அதுவே பெரிது, மார்க் எல்லாம் அப்புறம்

ஆட்டோ அண்ணன்: நான் ஒன்று சொல்கிறேன். நம் பக்கத்துச் செரியன் நகர்ப் பெண் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்கா போய் கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தது. அதன் அப்பாவும் என்னைப் போல் ஆட்டோ ஓட்டுபவர்தான். தன் பெண்ணுக்கு மட்டும் இல்லாமல் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவர்தான் கேரம் சொல்லிக் கொடுத்து வந்தார். அதற்கு முன்னால் வியாசர்பாடி இளவழகி, 2008இல் உலக சாம்பியன், அந்தப் பெண்ணின் அப்பா மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கர வண்டி ஓட்டியவர். வட சென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு போர்டும் பவுடரும் இருக்கும், சாயங்காலம் ஆனால் சொல்லிக் கொடுக்க ஒரு அண்ணன் வந்து உட்காருவார், மழை பெய்தாலும் வருவார். யார் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்?

மாடி கிளாஸ் அக்கா: அண்ணே இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்

டெய்லர் அக்கா: இன்னொன்று. முன்பு ஒரு குழு வந்தது, பெயர் வேண்டாம். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, கையில் நோட்டைக் கொடுத்து, பேனருக்கு முன்னால் போட்டோ எடுத்து அன்றைக்கே இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஏழைக் குழந்தைகள் என்று எழுதியிருந்தார்கள். என் பெரியவள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாள். நான் தைத்துக் கொடுத்த பாவாடையைத்தான் போட்டிருந்தாள், நல்ல பாவாடை. அது இந்த முறை நடக்கக் கூடாது.

சங்கத் தலைவர்: நடக்காது அக்கா. போட்டோ கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நர்ஸ் அக்கா: இப்போதுதான் டியூட்டி முடிந்து எல்லாவற்றையும் படித்தேன். வருபவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், ஆனாலும் சில விஷயங்களில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். கட்டடக் கதவு திறந்தே இருக்க வேண்டும். எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் நம் தெருக்காரர். பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கும் போகக் கூடாது, தனியாகப் போனில் மெசேஜ் அனுப்பக் கூடாது, பேச வேண்டும் என்றால் அம்மா அப்பா போனில். அடையாள அட்டை நகல் வாங்கி சங்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1098 என்ற எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் பெரிதாக எழுதுங்கள், ஏதாவது சரியில்லை என்றால் குழந்தைகளே கூப்பிடலாம், இலவசம்தான். உண்மையாக வருகிறவர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் அவர்கள் வேண்டாம்.

ரிட்டயர்டு டீச்சர்: நன்றி மா. இதை அப்படியே எழுதி ஒட்டலாம்.

ரிட்டயர்டு டீச்சர்: என் பங்குக்கு ஒன்று. எட்டாவது படிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று எனக்கு இன்றைக்கே பட்டியல் வேண்டும். என்எம்எம்எஸ் என்பது மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைக்கான தேர்வு, அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. எட்டாவதில் எழுத வேண்டும், தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாவதில் 55 சதவீதம் மார்க் இருக்க வேண்டும், எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு 50 போதும். தொண்ணூறு கேள்வி மனத்திறன், தொண்ணூறு கேள்வி பாடம். மனத்திறன் கேள்விகள் பழகினால் வரும், பழக்கிவிட ஆள் இல்லாமல்தான் நம் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். தகுதி இருந்தும் விண்ணப்பமே போடாத பிள்ளைகள் இந்தத் தெருவிலேயே உண்டு, கேட்டால் வருமானச் சான்றிதழ் வாங்க யாரும் கூட வரவில்லை என்கிறார்கள்.

ஆட்டோ அண்ணன்: இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும் என்றால் நான் கூட்டிப் போகிறேன் டீச்சர், காசு வேண்டாம்

மாடி கிளாஸ் அக்கா: டீச்சர் இதுதான். கம்பெனிப் பிள்ளைகள் மூன்று மாதம்தான் முடியும் என்றால், இந்த வேலையைக் கேட்கலாம். பத்து மனத்திறன் வகுப்பு எடுத்துவிட்டுப் போகட்டும், அது ஒரு தேர்வுக்கான பயிற்சி என்று பிள்ளைக்கும் தெரியும், முடிந்தால் வருத்தம் இருக்காது. கூடவே உட்காரும் அண்ணன் அக்கா வேலைக்கு மட்டும், ஒரு வருடம் வருவேன் என்று சொல்கிறவர் மூன்று பேர் கிடைத்தால் போதும் எனக்கு. மூன்று பேர், ஆளுக்கு மூன்று நான்கு பிள்ளைகள், ஒரே கிழமை, ஒரே நேரம். வர முடியாத வாரம் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்ல வேண்டும், என்னிடம் சொன்னால் போதாது.

காலேஜ் தம்பி: நாலாவதாக நான் வருகிறேன் அக்கா. நான் பத்தாவதில் ஃபெயில் ஆகி வீட்டுக்குள் படுத்துக்கிடந்தபோது நீங்கள் வந்து என் அம்மாவிடம் டீ குடித்துவிட்டுப் போவீர்கள், படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள். திரும்ப எழுதலாம் என்று எனக்கே தோன்றிய பிறகுதான் கைடு கொண்டு வந்தீர்கள். அதை நான் ஒரு பையனுக்காவது செய்ய வேண்டும்.

மாடி கிளாஸ் அக்கா: ❤️ வா

படகு மாமா: நேரம் சனி சாயங்காலம் ஐந்து மணிக்கு வையுங்கள். ஞாயிறு வியாபாரத்துக்கு முந்தின நாள், பெண்கள் வீட்டில் இருப்பார்கள். இன்னொன்று, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்தாதீர்கள். ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் படகு கரையில் நிற்கும், கையில் காசு இருக்காது, பள்ளிக்கூடமும் லீவு. பெரிய பையன்களை எஞ்சின் வேலைக்கு, பெயின்ட் அடிக்க என்று கூப்பிடுவார்கள், கையில் முந்நூறு ரூபாய் பார்த்த பையன் ஜூனில் பள்ளிக்குப் போக மாட்டான். நானே பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மாதம்தான் ஆள் கூட இருக்க வேண்டும்.

ரிட்டயர்டு டீச்சர்: மாமா, இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மே மாதம் வகுப்பு உண்டு என்று இப்போதே முடிவு செய்வோம். பாடம் வேண்டாம், கேரம், கதை, கால்பந்து, எதுவானாலும் அதே சனிக்கிழமை.

சங்கத் தலைவர்: சரி, கம்பெனிக்கு இப்படி எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். “வருவதற்கு நன்றி. ஞாயிறு காலை எங்களுக்கு வியாபார நேரம், சனிக்கிழமை மாலை 5 முதல் 6.30 வரை வரலாம். ஒரு வருடம் தொடர்ந்து வரக்கூடிய மூன்று பேரின் பெயர் முதலில் வேண்டும். மற்றவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்எம்எம்எஸ் பயிற்சி மட்டும் பத்து வாரம் எடுக்கலாம். போட்டோ, பேனர் கிடையாது. எங்கள் தெருக்காரர் ஒருவர் எப்போதும் கூட இருப்பார். முதல் நாள் பாடம் எடுக்காமல் பெற்றோரைப் பார்த்துவிட்டுப் போகவும்.”

நர்ஸ் அக்கா: 👍 அடையாள அட்டை நகலையும் சேருங்கள்

டெய்லர் அக்கா: நோட்டுப் புத்தகம் கொண்டு வருவதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் அண்ணே, அது வேண்டும்

சங்கத் தலைவர்: சேர்த்துவிட்டேன் இரண்டையும். மூன்று பேர்கூட இல்லை என்றால்?

மாடி கிளாஸ் அக்கா: ஒருவர் இருந்தாலும் சரி அண்ணே, தம்பியும் நானும் இருக்கிறோம்

படகு மாமா: கட்டடத்தில் ஒரு ஃபேன்தான் சுற்றுகிறது, இன்னொன்றின் கண்டென்சர் போய்விட்டது. நாளைக்கு ஆள் கூட்டி வந்து மாற்றிவிடுகிறேன். சாவி யாரிடம்?

ஆட்டோ அண்ணன்: என் வீட்டில் மாமா, எப்போது வேண்டுமானாலும் வாங்க. புது வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் சொல்லச் சொல்லுங்கள் தலைவரே, முதல் சனிக்கிழமை நான் போய்க் கூட்டி வருகிறேன், சந்து தெரியாமல் சுற்றுவார்கள்