ஜன்னலோரம் வைத்த இளஞ்சிவப்புக் கல் பழுப்பாகிவிட்டதே?

கல்லுப்பித்தன்:
கப்பலில் வேலை பார்த்த மாமா தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கல். கட்டைவிரல் அளவுதான். விசிறிபோல் விரிந்த ஊசிகள், நல்ல இறைச்சி நிறம். துண்டுச்சீட்டில் 'ரோடோனைட், வெஸ்ஸல்ஸ்' என்று கல்லின் பெயரும் கிடைத்த இடமும் இருந்தன. சிங்கப்பூரில் எங்கள் தெம்பனிஸ் வீட்டில் மேற்குப் பார்த்த ஜன்னல், மூன்று வருட வெயில். இப்போது தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறம்! அழுக்கு, பிரஷ் போட்டுத் தேய் என்கிறார் அத்தை. தேய்க்கலாமா?

மண்வெட்டி:
ஐயோ, தேய்க்காதீங்க தம்பி, ஊசி உடையும். எனக்கென்னவோ அது ரோடோனைட் இல்லை, இனசைட் என்கிற கனிமம் மாதிரி தெரியுது. கலஹாரி மாங்கனீஸ் வயலில் உள்ள வெஸ்ஸல்ஸ் சுரங்கம் அதற்குப் பேர்போனது. கால்சியம், மாங்கனீஸ் சிலிக்கேட். உள்ளே நீரும் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும், அதுதான் அதன் குணம். 1887இல் ஜெர்மனியில் கிடைத்த கல்லுக்கு வைத்த பெயர். கிரேக்கத்தில் சதை நார் என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

தேக்கா_ரவி:
இன்னொரு இளஞ்சிவப்புக் கனிமமான ரோடோகுரோசைட்டாக இருக்காதா அண்ணே?

மண்வெட்டி:
அது கார்பனேட், கடினம் (பத்து வரை போகும் மோஸ் அளவில்) 4தான், கத்தி கீறிடும். இனசைட் 6 வரை போகும். அடிப்பக்கம், கண்ணில் படாத மூலையில் மட்டும் கீறிப் பாருங்க.

கல்லுப்பித்தன்:
கீறவில்லை அண்ணே, கத்திதான் வழுக்கியது. திருப்பிப் பார்த்தால் அடியில் இன்னும் இளஞ்சிவப்பு! பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டேன். அத்தைக்கு டின் போன கோபம்.