ஊருக்குப் போய் தையல் கடை போடப்போற பொண்ணுக்கு மைக்ரோ பைனான்ஸ் லோன் சரியா வருமா?

ஈசூன்_அக்கா:
இங்க சிங்கப்பூர்ல எங்க வீட்டு மெய்டுக்கு ஊர் புதுக்கோட்டை பக்கம், கான்ட்ராக்ட் முடிஞ்சதும் ஊர்ல தையல் கடைன்னு ஒரே பிடியா நிக்கிறா. சேமிப்பு கொஞ்சம் இருக்கு, மிச்சத்துக்கு வாராவாரம் வசூலுக்கு வர்ற ஒரு மைக்ரோ பைனான்ஸ்ல 50,000 ரூபா எடுக்கலாம்ங்கிறா, வட்டி 12%தானாம். எடுக்கலாமா? இங்கயே கணக்கு வழக்கு கத்துக்க கிளாஸ் இருக்கா? அதுவரை பக்கத்து வீட்டு ப்ளவுஸ் ரெண்டு தைச்சா கை பழகும்ல?

தேக்கா_தம்பி:
அக்கா, ப்ளவுஸ் ஐடியாவ முதல்ல விடுங்க. ஒர்க் பெர்மிட்ல உங்க வீட்டு வேலை மட்டும்தான், மாட்டினா உங்களுக்கும் சேர்த்து வம்பு. உங்க ப்ளவுஸயே தைக்கச் சொல்லுங்க 😄 கிளாஸ்னா எய்டா பாருங்க, 2006ல ஆரம்பிச்ச தொண்டு அமைப்பு, வீட்டு வேலை செய்யிற பொண்ணுங்களுக்கு சேமிப்பு, பட்ஜெட், பிசினஸ் பிளான் எல்லாம் சொல்லித் தர்றாங்க.

ஜூரோங்_கணக்குப்பிள்ளை:
12% பிளாட்டா, குறையிற பாக்கிக்கா? அத கேட்டீங்களா? பிளாட்னா ஒரு வருஷத்துக்கு வட்டி 6,000, ஆனா மாசாமாசம் அசல் குறைஞ்சுகிட்டே வந்தாலும் முழு 50,000க்குமே வட்டி போடுறாங்க, உண்மையில 21%க்கு மேல போயிடும். ரிசர்வ் பேங்க் 2022 விதிப்படி வட்டி, கட்டணம் எல்லாத்தையும் புரியிற மொழியில எழுதிக் குடுக்கணும், முன்கூட்டியே அடைச்சா அபராதம் கிடையாது, அந்தப் பேப்பர வாங்காம கையெழுத்து போட வேணாம்.

எனக்கு வட்டிய விட வாரத் தவணைதான் உறுத்துது. தையலுக்கு தீபாவளி, பொங்கல், ஸ்கூல் திறக்குற நேரம்தான் காசு, ஆடி மாசத்துல யாரு தைக்கக் குடுப்பா, ஆனா வசூல்காரர் வாராவாரம் வந்து நிப்பாரே, அதுலயும் குரூப்பா சேர்ந்து வாங்குற லோன்னா, ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க தலையில.

புக்கிட்_பாத்தோக்_மீனா:
மகளிர் சுய உதவிக் குழுவ விட்டுட்டீங்களே! 1989ல தர்மபுரில ஆரம்பிச்சது, 1992ல நபார்டு (விவசாய, கிராம வளர்ச்சிக்கான வங்கி) இந்த மாதிரி குழுக்கள பேங்குகளோட இணைச்சு விட ஆரம்பிச்சாங்க. மொதல்ல குழுவே சேமிக்கும், உள்ளுக்குள்ள கடன் குடுக்கும், அப்புறம் பேங்க் குழுவுக்கு குடுக்கும். ஆனா போன உடனே கிடைக்காது, சேர்ந்து கொஞ்ச நாள் சேமிக்கணும்.

ஈசூன்_அக்கா:
கேட்டுட்டேன், பிளாட்டேதான் 🙄 அவ அத்தை குழுவுல இருக்காங்களாம். இப்போதைக்கு சேமிப்புல ஒரே ஒரு மெஷின், வீட்டுத் திண்ணையிலேயேன்னு பேசிருக்கோம். பழைய மெஷின் வாங்கலாமா, புதுசா?



தேக்கா_தம்பி:
பழசு போதும், மோட்டார மட்டும் ஓட்டிப் பாத்து வாங்கச் சொல்லுங்க.