லீவு 30 நாள், நோட்டீஸும் 30 நாள். பட்டாளத்துக்காரரைப் பதிவுத் திருமணம் செய்ய வழி சொல்லுங்கள்

கோத்தகிரிப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். வயது 26. ஒரு தேயிலைத் தூள் ஃபேக்டரி ஆபீஸில் இலைக் கணக்கு எழுதுகிறேன். எனக்கு நிச்சயம் செய்திருக்கிறவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் நாயக். வெலிங்டனில்தான் டிரெய்னிங் எடுத்தார். இப்போது வடக்கே பனிப் பகுதியில் இருக்கிறார். சொந்த ஊர் காரமடை.

அவர்கள் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள், நாங்கள் இந்து. இரண்டு வீட்டிலும் சம்மதம். சர்ச்சில் வைக்க வேண்டுமென்றால் நான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று அவர்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அவர்கள் முறை அப்படி. எனக்கு அதில் மனம் வரவில்லை. மாப்பிள்ளையும் வற்புறுத்தவில்லை. பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மண்டபத்தில் சாப்பாடு போடலாம் என்று முடிவானது.

முதலில் ஆவணியில் நாள் குறித்தோம். லீவு கிடைக்கவில்லை. அப்புறம் தை 24. பத்திரிகை 350 அடித்து, காரமடைப் பக்கம் பாதி கொடுத்தும் ஆயிற்று. பனி விழுந்து பாதை அடைபட்டதால் அவரால் கீழே இறங்க முடியவில்லை. பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. விட்டு விட்டுத்தான் கேட்டது. "இன்னும் வண்டி விடல, நான் வர்றது கஷ்டம், பெரியவங்ககிட்ட நீயே சொல்லிடு" என்றார். சொன்னேன். மீதிப் பத்திரிகை அட்டைப்பெட்டியோடு பரண்மேல் இருக்கிறது.

இப்போது வைகாசி, ஆனி வாக்கில் 30 நாள் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். பதிவு அலுவலகத்தில் விசாரித்தால், சிறப்புத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் கழித்துத்தான் கல்யாணம் என்கிறார்கள். அவர் வந்து இறங்கின மறுநாளே நோட்டீஸ் கொடுத்தாலும், 30 நாள் முடியும்போது அவர் திரும்பிப் போகிற ரயிலில் இருப்பார். கவுன்டரில் இருந்தவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப அவர் ரிட்டையர் ஆகி வரட்டும்" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

"பேப்பர் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் தாலியைக் கட்டட்டும்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர் எங்கள் அப்பாயி மட்டும்தான். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவர் அவர். கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட்டையும் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையையும் ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் வைத்திருக்கிறார். தோட்டத்து லைனில் நடந்த அவர் கல்யாணத்துக்கு எந்தக் காகிதமும் கிடையாது. தாத்தாவுக்குப் பெண்டாட்டி என்று நிரூபிக்க அவர் அலைந்த கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். "துப்பாக்கி தூக்குறவனுக்குக் கழுத்தை நீட்டுறே. காயிதம் இல்லாம நீட்டாதே" என்கிறார். அதில் தப்பே இல்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

அவருக்குப் பதிலாக அவர் அப்பா கையெழுத்துப் போடலாமா? வீடியோ கால் வழியாக ஒரு கல்யாணம் நடந்தது என்று பேப்பரில் படித்தேன், அது எங்களுக்கு ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்காற்று

ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க? ஒரு கோயில்ல தாலி கட்டிட்டு, 90 நாளுக்குள்ள கட்டாயப் பதிவுச் சட்டத்துல பதிஞ்சிடுங்க. என் அண்ணனுக்கு அப்படித்தான் பண்ணோம். ஒரே நாள் வேலை.

ஜவானின் மனைவி, குன்னூர்

மேலே சொன்னவர் அண்ணனும் அண்ணியும் ரெண்டு பேருமே இந்துவா இருந்திருப்பாங்க. இந்தத் தங்கச்சிக்கு அது பொருந்தாது. இந்து திருமணச் சட்டம் ரெண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான். நம்ம ஊர் சுயமரியாதைத் திருமணமும் அதே சட்டத்துக்குள்ள 7ஏ பிரிவா வர்றதுதான், அதுக்கும் இதே நிபந்தனை. கோயில்ல கட்டிட்டுப் பதிஞ்சா, நாளைக்குக் கல்யாணமே செல்லாதுன்னு ஒருத்தர் கிளப்ப முடியும். பட்டாளத்துக்காரர் பெண்டாட்டிக்கு அந்த ரிஸ்க் வேண்டாம்.

நான் இந்து, என் வீட்டுக்காரர் ஆர்.சி. 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துல ஒருத்தர் மட்டும் கிறிஸ்தவரா இருந்தாலும் கல்யாணம் பண்ணி வைக்கலாம். அதனால ஆயர் அனுமதி வாங்கி, மூணு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சு, நான் மதம் மாறாமலே எங்களுக்குச் சர்ச்சுல நடந்தது. உங்க சபையில அந்த வழி இல்லைன்னா சிறப்புத் திருமணச் சட்டம்தான் சரி. அதுல யாரும் எதுக்கும் மாற வேண்டாம்.

லீவு தள்ளிப்போறது எனக்கும் ரெண்டு தடவை நடந்தது. பத்திரிகையைத் தூக்கிப் போடாதீங்க தங்கச்சி. நாங்க தேதி மேல மட்டும் சின்னச் சீட்டு ஒட்டிக் கொடுத்தோம், யாரும் ஒண்ணும் சொல்லலை.

ஓய்வு ஹவில்தார் கிளார்க், அருவங்காடு

மகளே, 24 வருஷம் பட்டாளத்து ஆபீஸில் பேனா பிடித்தவன் நான். கவுன்டரில் அந்த வார்த்தை சொன்னவர் பேச்சை மனதில் வைக்காதே. வழி இருக்கிறது.

உங்கள் கணக்கு எங்கே முட்டுகிறதென்றால், நோட்டீஸையும் கல்யாணத்தையும் ஒரே லீவுக்குள் அடைக்கப் பார்க்கிறீர்கள். இரண்டையும் பிரித்துவிடுங்கள். ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. கேஷுவலை ஆனுவலோடு ஒட்டவைத்து எடுக்க விடமாட்டார்கள். ஆனால் தனியாகத் துண்டு துண்டாக எடுக்கலாம். பாதை திறந்ததும் ஒரு 12 நாள் கேஷுவல் லீவு கேட்கச் சொல். கல்யாண நோட்டீஸ் கொடுக்க என்று காரணத்தை எழுதியே கேட்கட்டும். இரண்டு தடவை தள்ளிப்போனது கம்பெனி கமாண்டருக்குத் தெரியாமல் இருக்காது. இவரும் சீனியர் ஜே.சி.ஓ.விடம், அதாவது சுபேதாரிடம், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் பையன்கள் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்ல மாட்டார்கள்.

ஜம்முப் பக்கமிருந்து ரயிலில் கோயம்புத்தூர் வந்து சேர மூன்று நாள் ஆகும். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒரு தடவைதான். பணம் போனாலும் பரவாயில்லை, இந்த ஒரு தடவை விமானத்தில் வரட்டும். வந்து இருவரும் சேர்ந்து நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் திரும்பிப் போகலாம். அந்த 30 நாளும் அவர் ஊரில் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இருவரில் ஒருவர் நோட்டீஸுக்கு முன் 30 நாள் அந்த எல்லைக்குள் குடியிருந்தால் போதும். நீ பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறாய். ஆதாரும் ரேஷன் கார்டும் போதும். அப்புறம் ஆனுவல் லீவில் வந்து கல்யாணம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பெயர் விஷயம். கல்யாணம் முடிந்ததும் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய் யூனிட்டில் கொடுத்தால் பார்ட் டூ ஆர்டர் போடுவார்கள், ஜவானின் சொந்த விவரங்களைப் பதிகிற உத்தரவு அது. அது வெளியானால்தான் ராணுவக் கணக்கில் நீ மனைவி. குடும்பக் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, கேன்டீன் கார்டு, குரூப் இன்ஷூரன்ஸ் நாமினி, சொல்லவே கூடாத வேளையில் குடும்ப ஓய்வூதியம், எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துத்தான் வரும். ஒரு ஜவானுடைய மனைவி பெயரில் இங்கிலீஷில் ஒரு 'எச்' அதிகம். ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம். கல்யாணச் சர்டிபிகேட்டை ஸ்கூல் பேப்பரைப் பார்த்து எழுதிவிட்டார்கள். அவர் தவறிய பிறகு அந்த 'எச்'சுக்காக அந்தப் பெண் கைக்குழந்தையோடு நோட்டரி வீட்டுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் எட்டு மாதம் நடந்தாள். அந்த ஃபைலை நான்தான் கட்டினேன். குழந்தையின் கை மை அப்பின ஒரு காகிதம் அதில் இருந்தது. இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் இன்றைக்கே உட்கார்ந்து உன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் ஆதார், பான், பத்தாவது மார்க் ஷீட், பேங்க் புக் எல்லாவற்றிலும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார். சிலோனிலிருந்து வந்த குடும்பங்களில் தகப்பன் பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால் திருத்திக்கொள்வது சுலபம். மாப்பிள்ளை கமாண்டிங் ஆபீஸரிடம் திருமணமாகாதவர் என்று ஒரு சர்டிபிகேட் வாங்கி வரட்டும். கேட்டாலும் கேட்பார்கள்.

கோத்தகிரிப் பெண்

ஐயா, ரொம்ப நன்றி. படித்ததும் எழுந்து போய் எல்லாக் காகிதத்தையும் கட்டிலில் பரப்பினேன். நீங்கள் சொன்னது போலவே இருக்கிறது. அப்பா பெயர் மார்க் ஷீட்டில் 'ராமையா', ஆதாரில் 'இராமய்யா', இங்கிலீஷில் மூன்று விதம். நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போகிறேன்.

இரண்டு சந்தேகம். நோட்டீஸ் கொடுத்த பிறகும் லீவு தள்ளிப்போனால் என்ன ஆகும்? வீடியோ கால் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே?

பத்திர எழுத்தர், ஊட்டி

நான் சொல்கிறேன் அம்மா.

நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அதற்கு உயிர். அதற்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அது காலாவதி, மறுபடியும் முதலிலிருந்து புது நோட்டீஸ். அலுவலகப் பலகையில் ஒட்டி 30 நாள் ஆக வேண்டும். ஆக ஏப்ரல் 8-இல் கொடுத்து அன்றைக்கே ஒட்டினால், மே இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை உங்களுக்கு வாசல் திறந்திருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதம். லீவு பத்து நாள் முன்னே பின்னே போனாலும் தாங்கும். ஒட்டிய தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் கொடுத்த தேதியிலிருந்து 30 எண்ணிவிட்டு, ஒரு நாள் முன்னால் வந்து திரும்பிப் போகிறார்கள்.

மாப்பிள்ளை நிரந்தர முகவரி காரமடை என்பதால் நோட்டீஸ் நகல் அந்தப் பக்கத்து அலுவலகத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். அவர்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், யாராவது பார்த்துவிட்டு வந்து கதை கட்டுவார்கள்.

அவர் அப்பா கையெழுத்துப் போட முடியாது. கல்யாண அதிகாரி முன்னாலும் மூன்று சாட்சிகள் முன்னாலும் உங்களை மனைவியாக ஏற்கிறேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். நீங்களும் சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்லலாம்.

நீங்கள் பேப்பரில் படித்தது 2022-இல் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்துக்குப் போன கன்னியாகுமரி மாவட்ட வழக்காக இருக்கும். அவர்கள் இருவரும் இங்கே நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருந்தார்கள். அப்புறமும் கல்யாணம் நடக்காமல், லீவு முடிந்து மாப்பிள்ளை அமெரிக்கா போய்விட்டார். பெண் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். மூன்று சாட்சிகளை வைத்துக்கொண்டு காணொலியில் நடத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. நாமாகக் கவுன்டரில் போய்க் கேட்டு வாங்கும் வசதி இல்லை அது. வக்கீல், வழக்கு என்று போக வேண்டும். மூன்று மாதமும் முடியப் போகிறது, லீவு அறவே இல்லை என்ற நிலை வந்தால் அப்போது எடுத்துப் பார்க்கலாம். பனிமலையில் சிக்னலை நம்பி முதலிலேயே அதில் இறங்காதீர்கள்.

சாப்பாட்டை மே மாதம் வைக்காதீர்கள். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் காரமடை வேன் மலைப்பாதையிலேயே நிற்கும். ஆனி பிறந்ததும் வையுங்கள்.

ஓய்வு ஹவில்தார் கிளார்க், அருவங்காடு

எழுத்தர் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்த்துக்கொள். மண்டபத்தில் தாலி கட்டும் நாள் வேறாக இருந்தால், பட்டாளத்துப் பாரத்தில் கல்யாணத் தேதி என்ற இடத்தில் சர்டிபிகேட்டில் இருக்கும் தேதியைத்தான் எழுத வேண்டும். ஆசைக்குக்கூடப் பத்திரிகைத் தேதியை எழுதிவிடாதீர்கள்.

கோத்தகிரிப் பெண்

நேற்று ராத்திரி போன் வந்தது. நாலு நிமிஷம்தான் லைன் இருந்தது. நீங்கள் எழுதினதை எல்லாம் வேகமாகப் படித்துக் காட்டினேன். காலையில் சுபேதார் சாபிடம் பேசுகிறேன் என்றார், வெட்கப்படாமல் பேசச் சொன்னேன். பங்குனி கடைசியில் 12 நாள் கேட்கப் போகிறார்.

அப்பா பெயரைத் திருத்த விண்ணப்பம் போட்டாயிற்று. அதற்கு பிஸ்கட் டின்னைத் திறக்க வேண்டி வந்தது. மண்டபம் முகாம் குடும்ப அட்டையில் 'ராமையா' என்றுதான் இருக்கிறது, அதையே எல்லாவற்றிலும் வைத்துக்கொள்கிறோம். எங்கள் கல்யாணச் சர்டிபிகேட் வந்ததும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் அப்பாயி, அந்த டின்னில் வைக்க.