அரையாண்டு விடுமுறைக்குக் கோடியக்கரை: இரண்டு இரவு தங்கலாமா, ஒரு பகல் போதுமா?

திருச்சிக்காரி:
அரையாண்டு விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் சண்டை. நாங்கள் இருவர், ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள், முழங்கால் வலியோடு மாமியார். காடும் கடலும் சேர்ந்திருக்கிற ஊர், கோடியக்கரையிலேயே இரண்டு இரவு தங்கலாம் என்கிறேன் நான். வேளாங்கண்ணியில் ரூம் போட்டு, ஒரு பகல் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹாயாக ஒருவன்:
என் ஓட்டு உங்கள் வீட்டுக்காரருக்கு. போன ஜனவரியில் குடும்பத்தோடு போனோம். உள்ளே எல்லாம் அத்துப்படி என்று சொன்ன வாடகை வேன்காரர் டீக்கடை டீக்கடையாக நிறுத்தி, பதினோரு மணிக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். பார்த்தது ஒரே ஒரு மான், அதுவும் முதுகுப் பக்கம். "அதோ பூநாரை" என்று ஒருவர் கை நீட்டினார். தண்ணீருக்கு அந்தக் கரையில் யாரோ ரோஸ் நிறச் சாக்பீஸால் கோடு கிழித்த மாதிரி இருந்தது. கடற்கரையில் படகு, வலை, கருவாட்டு வாசம். பிள்ளைகளைக் குளிக்க விட மனசு வரவில்லை. குரங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதுதான் என் பையனுக்கு இன்றைக்கும் ஞாபகம். இதற்கு இரண்டு இரவா?

பைனாகுலர்:
பதினோரு மணிக்குப் போய்விட்டு மான் இல்லை என்றால் எப்படி சார்? அந்த நேரத்தில் தெருநாய்கூட நிழல் தேடிப் படுத்திருக்கும். வெளிமான் மேய்ச்சலுக்கு வருவது விடிந்த இரண்டு மணி நேரம், அப்புறம் வெயில் தாழ்ந்த பிறகு. புல்வெளி ஓரமாகச் சத்தமில்லாமல் நின்றால் முதலில் பழுப்பு நிறப் பெட்டைகள் வரும். பின்னாலேயே முதுகு கறுத்து வயிறு வெளுத்த கிடா ஒன்று, முறுக்கிய கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு நடக்கும். 1967இல் சரணாலயம் ஆக்கியதே இந்த மானுக்காகத்தான். பின்னால் இருக்கிற சதுப்பு நிலத்தையும் சேர்த்து 2002இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏற்றினார்கள்.

விடியலும் அந்தியும் வேண்டுமென்றால் அங்கே தங்கித்தான் ஆக வேண்டும். வேளாங்கண்ணியிலிருந்து கிளம்புகிறவருக்கு இரண்டுமே கிடைக்காது.

கரைவலை:
நான் வேதாரண்யத்துக்காரன். இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அக்கா கேட்பது டிசம்பர். அது எங்களுக்கு மழைக்காலம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். காட்டில் மரங்கள் சாய்ந்தன, மான்கள் செத்தன. வருஷா வருஷம் புயல் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் ரூம் காசு போனாலும் பரவாயில்லை, கிளம்பாதீர்கள்.

மழை கூடினால் பறவையும் கலையும். பூநாரை நின்றபடி சேற்றை அலசித் தின்கிற பறவை, அதற்குத் தண்ணீர் ஆழம் இருக்கக் கூடாது. சதுப்பில் தண்ணீர் ஏறிவிட்டால் வேறு பக்கம் போய்விடும். ஜனவரியில் போன சாருக்குக் கோடாவது தெரிந்ததே, அதுவே அதிர்ஷ்டம்.

ஹாயாக ஒருவன்:
நன்றி தம்பி, என் கட்சிக்கு ஆள் சேர்க்கிறீர்கள். ஒன்று விட்டுப்போச்சு. குதிரைகள் மட்டும் கிட்டவே தெரிந்தன, கூட்டம் கூட்டமாக. என் பெண்ணுக்கு அதுவே கொண்டாட்டம்.

பைனாகுலர்:
அவை காட்டு விலங்கே இல்லை. எப்போதோ ஊர்க்காரர்கள் அவிழ்த்துவிட்ட மட்டக்குதிரைகள் பெருகி நிற்கின்றன. மானுக்கு வேண்டிய புல்லை அவையும் மேய்கின்றன. கொண்டாடுகிற விஷயமில்லை.

கரைவலை:
குதிரையைத் திட்டுவதற்கு முன் சீமைக்கருவேலத்தைத் திட்டுங்கள் சார். புல்வெளிக்குள் அது புகுந்து அடைத்த இடத்தில் மானுக்கும் இல்லை, குதிரைக்கும் இல்லை. குதிரை பாவம், பார்க்க லட்சணமாக இருப்பதால் எல்லார் கண்ணிலும் படுகிறது.

திருச்சிக்காரி:
குதிரைப் பஞ்சாயத்து இருக்கட்டும், என் பஞ்சாயத்தைத் தீருங்கள்! மாமியார் அங்கே இருக்கிற குழகர் கோயிலை, அந்தச் சிவன் கோயிலைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். ராத்திரி அவருக்குக் காய்ச்சல், கால் வலி என்றால் கோடியக்கரையில் என்ன செய்வது? டிசம்பர் வேண்டாம் என்றால் வேறு எப்போது?

கரைவலை:
ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, இட்லிக் கடை எல்லாம் வேதாரண்யத்தில்தான். அங்கே தங்குங்கள். கோடியக்கரை அங்கிருந்து பத்து, பதினோரு கிலோமீட்டர். இருட்டோடு கிளம்பினால் விடியும்போது மான் முன்னால் நிற்கலாம். பைனாகுலர் சார் கேட்ட விடியலும் கிடைக்கும், மாமியாருக்குக் கட்டிலும் கிடைக்கும்.

குழகர் கோயில் போகிற வழியிலேயே இருக்கிறது. பக்கத்தில் குடியிருப்பு இல்லை, கடற்காற்று வீசுகிறது, துணைக்கு யார் என்று சுந்தரர் அந்தச் சாமிக்காகக் கவலைப்பட்டுப் பாடின இடம். சாமிக்கே துணை தேடின ஊரில் கால் வலிக்காரரை ராத்திரி வைத்திருக்க வேண்டாமே. வேதாரண்யம் கோயிலையும் விடாதீர்கள், "வேதாரண்யம் விளக்கழகு" என்று சும்மா சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணைக் காட்டுங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்தது இங்கேதான், உங்கள் ஊர்க் கதை. உப்பளத்தில் டிசம்பரில் வேலை இருக்காது, ஓலை போர்த்தின உப்பு அம்பாரம்தான் பார்க்கலாம்.

வேறு எப்போது என்றால் என் ஓட்டு கோடைக்கு. பறவை இருக்காது, வெயில் கொளுத்தும். ஆனால் வனத்துறைத் தொட்டிகளுக்கு மான் தண்ணீர் குடிக்க வரும், பாலை மரங்கள் பழுக்கும். எப்போது வந்தாலும் ஆடி அமாவாசை, தை அமாவாசை மட்டும் வேண்டாம். ஆதிசேது என்கிற கோடியக்கரைக் கடல் தீர்த்தத்தில் குளிக்க வருகிற கூட்டத்தில் கார் நகராது.

பைனாகுலர்:
கோடையை ஒத்துக்கொள்ள மாட்டேன். பூநாரை இல்லாமல் கோடியக்கரை என்றால் பாதி ஊர் பூட்டிக் கிடக்கிற மாதிரி. சாக்பீஸ் கோடாகத் தெரிந்தது கையில் தொலைநோக்கி இல்லாததால்தான். முந்நூறு நானூறு பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பும்போது இறக்கைக்கு உள்பக்கச் சிவப்பும் கறுப்பும் தெரியும். அதைப் பார்த்த பிள்ளை சிப்ஸை மறந்துவிடும். வேதாரண்யத்தில் தங்குவதற்குச் சரி என்கிறேன், அதுவும் மாமியாருக்காக.

ஹாயாக ஒருவன்:
ஏழு வயதுப் பிள்ளையை விடுமுறையில் நாலரை மணிக்கு எழுப்பிப் பாருங்கள் சார். அப்புறம் பேசலாம்.

திருச்சிக்காரி:
முடிவு செய்தாச்சு. வேதாரண்யத்தில் இரண்டு இரவு, டிசம்பர் கடைசி வாரம். பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி ரூம் பார்க்கிறேன், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வானிலை பார்த்துத்தான் பையைக் கட்டுவது. திரும்பும்போது வேளாங்கண்ணியில் ஒரு மதியச் சாப்பாடு, வீட்டுக்காரர் மானம் காக்க. தொலைநோக்கி பக்கத்து வீட்டில் இரவல் கேட்டிருக்கிறேன். மாமியார் குழகர் பாட்டை இப்போதே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். நாலரைக்கு எழுப்புகிற வேலையை அவரிடமே விட்டுவிட்டேன்.

ஹாயாக ஒருவன்:
சிப்ஸ் மட்டும் வேண்டாம் மேடம்.